பெண் நண்டு சூடாம்

1

பினாங்குக்கு நான் குடிவந்து இந்த வருடத்தோடு இருபது வருடம் ஆகிறது. அதை முன்னிட்டு என் கணவரின் அண்ணன் அம்பத்தூரிலிருந்து மனைவியுடன் வந்து இறங்கினார். நாங்கள் அழைக்கவில்லை. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, முப்பது நாள் சும்மாவே இருந்துவிட்டுப் போகலாம் என்று இந்த நாட்டு அரசாங்கம் சொன்னதிலிருந்து எங்களுக்குச் சொந்தபந்தம் பெருகிவிட்டது. அதற்கு முன்பெல்லாம் "பினாங்குன்னா எது? சிங்கப்பூர்ல ஒரு ஏரியாவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள்தான் இவர்கள்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் சிலர் எதைப் பார்த்தாலும் வாயைப் பிளப்பார்கள். அவர்களைச் சகித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எதைப் பார்த்தாலும் "எங்க ஊர்ல இதைவிட நல்லா இருக்கும்" என்பார்கள். பினாங்குப் பாலத்தைக் காட்டினால் பாம்பன் பாலம். கொம்தார் கட்டடத்தைக் காட்டினால் எல்.ஐ.சி. கட்டடம். லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் தெருவுக்கு அழைத்துப் போனால் "இதுக்கா பிளேன் ஏறி வந்தோம்? தி.நகர் மாதிரிதானே இருக்கு" என்பார்கள். கதிரேசன் மாமா இந்தக் கூட்டத்துக்குத் தலைவர்.

கணவரின் அண்ணனை எங்கள் பக்கம் மாமா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கைபேசியே அவருக்குப் பல்கலைக்கழகம். காலையில் ஒரு காணொளி பார்த்தால் மதியத்துக்குள் அந்தத் துறையில் வல்லுநர். என் மாமனார் இறந்தபோது என் கணவர் பாஸ்கர் பள்ளிக்கூடப் பையன். அவரைப் படிக்க வைத்தவர் அண்ணன்தான். அதைப் பாஸ்கர் மறக்கவில்லை. அண்ணன் மறக்க விடவுமில்லை.

அவர் மனைவி சாரதா அக்கா. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே குடும்பத்து மருமகள்களாக இருந்தும், அவர் சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை. அவர் வாயைத் திறந்தால் மாமா முடித்து வைப்பார். "எனக்குக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தால், "அவளுக்குக் காப்பி வேணுமாம்" என்பார். அக்காவுக்கு வேண்டியது தண்ணீராக இருக்கும். வந்த காப்பியைக் குடித்துக்கொள்வார்.

வந்த மறுநாளே வருகையின் காரணம் வெளியே வந்தது. இருபது வருடமும் இல்லை, தம்பிப் பாசமும் இல்லை. எங்கள் மகள் தாரணிக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார்.

2

இந்தக் குறிப்பை நண்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வரன் நடுவில் வந்து விழுந்துவிட்டது. முதலில் நண்டை முடித்துவிடுகிறேன்.

என் ஊர் பழவேற்காடு. பெயரைச் சொன்னதுமே எல்லோரும் நாக்கைச் சப்புக்கொட்டுவார்கள். "நண்டுக்குப் பேர் போன ஊராச்சே, சின்ன வயசுல நல்லாச் சாப்பிட்டிருப்பீங்க!" சாப்பிட்டோம். எதைச் சாப்பிட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. ஏரியில் பிடிபடும் நல்ல களிநண்டெல்லாம் கொடுக்கைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்ட கூடையில் ஏற்றி, மீனம்பாக்கம் போய், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பறந்துவிடும். எங்களுக்கு மிஞ்சியது கொடுக்கு ஒடிந்ததும், சாகக் கிடந்ததும், அப்போதுதான் ஓட்டைக் கழற்றிவிட்டு உள்ளே வெறும் நீராக இருக்கும் தண்ணிநண்டும்தான். அதைப் புளியும் மிளகாயும் போட்டு ஊரே மணக்கக் குழம்பு வைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் எங்கள் ஊர் நண்டை முழுசாக, இரண்டு கொடுக்கோடு, நான் முதன்முதலில் சாப்பிட்டது இந்தத் தீவில்தான். ஊர் மண்ணின் ருசி, நீர் ருசி என்று உருகுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆண் நண்டா, பெண் நண்டா என்று ஊரில் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு அடித்துக்கொள்கிறார்கள். விஷயம் மிகவும் எளிது. நண்டைப் புரட்டிப் போடுங்கள். வயிற்றோடு ஒட்டி ஒரு மடிப்பு இருக்கும். ஒல்லியாகக் கூம்பிப் போயிருந்தால் ஆண். அகலமாக, வயிற்றையே மூடுகிற மாதிரி வட்டமாக இருந்தால் பெண். நடுவில் முக்கோணமாக ஒன்று வரும். அது இன்னும் பருவத்துக்கு வராத பெண். அதை ஆண் என்று நினைத்து வாங்கிக்கொண்டு பெருமையாக நடக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை.

ஆணுக்குக் கொடுக்கு பெரிது. சதையும் அதில்தான். கடித்து உடைத்து உறிஞ்சிச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் ஆணை வாங்கட்டும். மசாலா போட்டுப் புரட்டுவதற்கும் அதுதான் தோது. பெண்ணுக்குக் கொடுக்கு சிறிது. ஆனால் உடம்புச் சதை மெல்லிசு, லேசாக இனிக்கும். ஓட்டைத் திறந்தால் மூலைகளில் ஆரஞ்சு நிறத்தில் சினை கட்டியாக நிற்கும். அதைக் குழம்பில் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விட்டுவிட்டு "ரப்பர் மாதிரி இருக்கு" என்று குறை சொல்வது நம் வழக்கம். இங்கே சீனர்கள் இஞ்சி வைத்து ஆவியில் வேகவிட்டு உடனே இறக்கிவிடுகிறார்கள். சினைக்காகவே பெண் நண்டுக்கு விலையும் கூட.

ஆனால் சினை ஓட்டுக்குள்ளே இருக்க வேண்டும். வயிற்று மடிப்புக்கு வெளியே பஞ்சு மாதிரிக் கறுப்பாகத் தள்ளிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடுங்கள். குஞ்சு பொரிக்கப் போகிற நண்டு அது. ருசியும் இருக்காது, பாவமும் சேரும். ஆணோ பெண்ணோ, ஓடு புதுசாகப் பளபளத்தால் வாங்காதீர்கள். அழுக்கேறி, தேய்ந்து, கையில் எடுத்தால் கனக்க வேண்டும். கனம்தான் நண்டு. மற்றதெல்லாம் பேச்சு.

இதில் சூடு எங்கிருந்து வந்தது, குளிர்ச்சி எங்கிருந்து வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

3

இந்த ஊர் மலாய் எனக்கு நண்டில்தான் ஆரம்பித்தது. வந்த புதிதில் ஜெலுத்தோங் சந்தையில், அகராதியில் பார்த்து வைத்த தைரியத்தில், "கெத்தாம் பெரெம்புவான்" வேண்டும் என்று கேட்டேன். கெத்தாம் என்றால் நண்டு. பெரெம்புவான் என்றால் பெண். சரியாகத்தானே கேட்டேன்? நண்டுக்காரச் சீனத்தி கையிலிருந்த தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் தேங்காய் துருவி விற்கும் லெட்சுமி அக்காதான் என்னைக் காப்பாற்றினார்.

"அய்யோ தங்கச்சி, அது மனுசப் பொம்பளைக்குச் சொல்றதுலா. கெத்தாமுக்கு பெத்தினா. ஆம்பளைக் கெத்தாம்னா ஜந்தான். ஜந்தான், பெத்தினா. ஞாபகம் வச்சிக்கோ."

ஞாபகம் வைத்துக்கொண்டேன். அதுதான் வினையாகப் போயிற்று. அடுத்த வாரம் குடிநுழைவு அலுவலகத்தில் என் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்க ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் "ஜந்தினா" என்று ஒரு கட்டம். பாலினத்தைக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. ஜந்தானா, பெத்தினாவா என்றுதான் கேட்கிறார்கள், நமக்குத்தான் தெரியுமே என்று, பெரிய எழுத்தில் பெத்தினா என்று நிரப்பிக் கொடுத்தேன். அதாவது மலேசிய அரசாங்கத்திடம் என்னைப் பெட்டை என்று எழுதிக் கொடுத்தேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். உதட்டைக் கடித்துக்கொண்டு அதை அடித்துவிட்டு, அவரே பெரெம்புவான் என்று எழுதினார். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். உள்ளே நான்கு பேர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கூட வந்திருந்த பாஸ்கர் வீடு வரும்வரை எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தார். "மானம் போச்சு" என்று மட்டும் ஒருமுறை சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் ஒரு அலுவலகத்திலும் யாரும் என் எழுத்தைப் படித்துப் பார்த்ததாகவே நினைவில்லை.

அப்போது தாரணிக்கு ஐந்து வயது. இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் மருந்தாளுநர். காலையில் மலாய், மதியம் ஆங்கிலம், தோழிகளோடு சந்தையில் பேசும் ஹொக்கியன் சீனம், எங்களோடு மிஞ்சிய தமிழ். அந்தப் படிவக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். நான் எழுதும் இந்தக் குறிப்பை அவள் படிக்க மாட்டாள். எழுத்துக் கூட்டி முதல் பக்கம் முடிப்பதற்குள் "அம்மா, வாய்ஸ் மெசேஜ் போடும்மா" என்பாள்.

4

மாமா கொண்டுவந்த வரன், அவருடைய பழைய மேலதிகாரியின் மகன். பெங்களூரில் மென்பொருள் வேலை, சொந்த வீடு, ஒரே பிள்ளை. அவருடைய கைபேசியில் படம் இருந்தது. பையன் ஒரு வாடகை பைக்கின் மேல் சாய்ந்து நின்றான்.

"பெரிய இடம் வசந்தி. அவங்களே கேக்குறாங்க. ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து சாப்பிடப் போவோம். அங்கேருந்தே வீடியோ கால் போட்டுப் பேசி முடிச்சிடலாம்."

"தாரணிகிட்ட இன்னும் கேக்கலையே மாமா."

"அவகிட்ட என்ன கேக்குறது? குழந்தை."

குழந்தைக்கு இருபத்தைந்து வயது. நான் பாஸ்கரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். "பேசிப் பாக்கலாமே, பேசுறதுல என்ன இருக்கு" என்றார். தொழிற்சாலையில் இருநூறு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர், அண்ணன் முன்னால் கால்சட்டைப் பையனாகிவிடுவார்.

சனிக்கிழமை காலை மாமா நண்டு வாங்க என்னோடு கிளம்பினார். அக்காவும் பை தூக்கிக்கொண்டு வந்தார். ஜெலுத்தோங் சந்தையில் ஈரத் தரையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார் மாமா. நண்டுக்காரி வாளியைத் திறந்ததும் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"ஆண் நண்டுதான் எடுக்கணும். பெண் நண்டு சூடு. பொம்பளைங்களுக்கு ஆகவே ஆகாது, கர்ப்பப்பையைப் பாதிக்கும். நேத்துக்கூட ஒரு டாக்டர் வீடியோ போட்டிருந்தார்."

தேங்காய்க் கடையிலிருந்து லெட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார். இருபது வருடமாக அதே இடம், அதே குரல்.

"என்னாண்ணே, ஊர்லருந்து வந்திங்களா? பெத்தினா எடுங்கண்ணே. இப்ப முட்டை நல்லா இருக்குலா. நான் மூணு பிள்ளை பெத்தவ, வாராவாரம் பெத்தினா சாப்பிடுறேன், எனக்கு ஒண்ணும் ஆவல."

மாமா என்னிடம் திரும்பி, "இது என்ன பாஷை?" என்றார்.

"தமிழ், மாமா."

"இதுவா?"

லெட்சுமி அக்காவின் தாத்தா தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாக யாரும் கேட்காமலே தமிழ் பேசிக்கொண்டிருக்கிறது. மாமாவின் பேரப்பிள்ளைகளுக்கு அம்பத்தூரில் தமிழ் என்பது விருப்பப் பாடம்கூட இல்லை. இதையெல்லாம் சந்தையில் நின்று சொல்லிக்கொண்டிருந்தால் நண்டு செத்துவிடும்.

மாமா ஒவ்வொரு நண்டாகப் புரட்டிப் பார்த்து ஆறு எடுத்தார். "இது ஆண். இதுவும் ஆண். பார், கூர்மையா இருக்கு." அவற்றில் இரண்டு, முக்கோண மடிப்போடு, பருவத்துக்கு வராத பெண்கள். நண்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் பணப்பையைத் திறந்தேன்.

5

சமையலறையில் அக்காவும் நானும் நண்டைக் கழுவினோம். மாமா கூடத்தில் உட்கார்ந்து பாஸ்கருக்கு மலேசியப் பொருளாதாரத்தை விளக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நண்டைப் புரட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தார்.

"வசந்தி, இது ரெண்டும் பொண்ணு."

"உங்களுக்கும் தெரியுமா அக்கா?"

"வருசக்கணக்கா நண்டு கழுவுறேன். தெரியாமப் போகுமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அக்காவின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சத்தம் வரக்கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, அதன் இரைச்சலில் சிரித்தார். அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். முன்பல் ஒன்று லேசாகக் கோணல். இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "நீங்க சினை சாப்பிட்டிருக்கீங்களாக்கா?"

"எங்க சாப்பிட்டேன்? பெண் நண்டு வீட்டுக்கு வரக்கூடாதுன்னு சட்டம். தப்பித் தவறி ஒண்ணு வந்துட்டா சினையை வழிச்சு அவர் தட்டுல வச்சிடணும். நம்ம மாமியார் காலத்துலயும் அப்படித்தானாம். மாமனார் தட்டுக்குப் போகுமாம்."

"சூடு ஆம்பளைங்களைத் தாக்காதா?"

"அது எப்படித் தாக்கும்? அவங்கதான் சாப்பிடுறாங்களே" என்றார் அக்கா. அதில் கேலி இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. கொடுக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் மாமா அந்த இரண்டில் ஒன்றை எடுத்து ஓட்டைத் திறந்தார். "பாத்தியா, இதுதான் ஆண் நண்டு. என்னா ருசி!" என்று விரலைச் சூப்பினார். அக்கா ரசம் ஊற்றினார்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து மாவுங் பக்கம் கடலோரமாக ஒரு சீனக் கடைக்குப் போனோம். தண்ணீரின் மேல் மரத்தளம், வட்ட மேசை, சுழலும் தட்டு. தாரணி மருத்துவமனையிலிருந்து நேரே வந்தாள். பெரியப்பா ஏதோ பேச வேண்டுமாம் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். மாமா உள்ளே நுழையும்போதே "காசிமேட்டுல இதைவிடப் பெரிசு கிடைக்கும்" என்றார். அவர் இன்னும் எதையும் பார்த்திருக்கவில்லை.

பரிமாறும் பெண் வந்து நண்டுத் தொட்டியைக் காட்டி, மலாயில் கேட்டாள்: "ஜந்தானா, பெத்தினாவா?"

"ஆண். எல்லாருக்கும் ஆண்" என்றார் மாமா. கையால் கூம்பு மாதிரிக் காட்டினார்.

"எனக்குப் பெத்தினா."

யார் சொன்னது என்று பார்க்க மேசையே திரும்பியது. சாரதா அக்கா, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிமாறும் பெண்ணுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? பெண் நண்டு சூடுன்னு சொல்லியிருக்கேனா இல்லையா?"

"சொல்லியிருக்கீங்க."

"ராத்திரி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் கெடந்தா என்னை எழுப்பாதே."

"இல்ல, எழுப்பல."

தாரணி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். எங்கள் வீட்டில் அவள் தானாக அதைச் செய்து நான் பார்த்ததில்லை.

நண்டு வந்தது. எங்களுக்குக் காரச் சாறில் ஆண் நண்டு. அக்காவுக்குத் தனித்தட்டில், ஆவியில் வெந்து சிவந்த பெண் நண்டு. அக்கா ஓட்டைத் திறந்தார். சினை நிறைந்து நின்றது. கரண்டியை எடுக்கவில்லை. விரலால் கிள்ளி வாயில் வைத்தார். எங்களை யாரையும் பார்க்காமல், கடலையும் பார்க்காமல், தட்டை மட்டும் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். யாருக்கும் நீட்டவில்லை. மாமாவின் கண் இரண்டு தரம் அந்தத் தட்டுக்குப் போய்த் திரும்பியது.

பிறகு மாமா தொண்டையைச் செருமினார். தாரணியிடம் வரனைப் பற்றிச் சொன்னார். பெங்களூர், சொந்த வீடு, ஒரே பிள்ளை. தாரணி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. "ஞாயித்துக்கிழமை நல்ல நாள். அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று மாமா கைபேசியை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எண்ணைத் தேட ஆரம்பித்தார். பாஸ்கர் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வீடியோவில் தெரிய வேண்டுமே!

"கூப்பிடாதீங்க" என்றார் அக்கா.

"என்னது?"

"அந்தப் பையன் வேண்டாம்."

"நீ சாப்பிடு."

"சாப்பிட்டுட்டேன்." அக்கா கையைத் துடைத்துக்கொண்டார். மாமாவிடம் பேசாமல் என்னிடம் பேசினார். "வசந்தி, போன தை மாசம் அவங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிஞ்சு வீட்டு ஆளுங்க சாப்பிடுறாங்க. அம்மாக்காரி பரிமாறுறாங்க. கூட்டுல உப்பு இல்லைன்னு அந்தப் பையன் தட்டைத் தூக்கி அவங்க மேல வீசினான். எவர்சில்வர் தட்டு. இங்க பட்டுச்சு." புருவத்துக்கு மேல் தொட்டுக் காட்டினார். "அந்தம்மா குனிஞ்சு சோத்தைப் பொறுக்குறாங்க. சுத்தி இருந்த ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல."

"அது ஏதோ கோவத்துல..." என்று மாமா ஆரம்பித்தார்.

"நீங்களும்தானே பக்கத்துல உக்காந்திருந்தீங்க? ஆட்டோல வரும்போது என்ன சொன்னீங்க? 'பையனுக்குக் கோவம் கொஞ்சம் ஜாஸ்தி, கல்யாணமானா சரியாப் போயிடும்.' அன்னிக்கே எனக்குத் தெரியும், யாரோ ஒரு பொண்ணைத் தேடப் போறீங்கன்னு. இவளைன்னு தெரியாது."

நான் முன்பு சொன்னேனே, அக்கா சேர்ந்தாற்போல் நான்கு வாக்கியம் பேசி நான் கேட்டதில்லை என்று. அன்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

"நெஜமாண்ணா?" என்று பாஸ்கர் கேட்டார். அண்ணனைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும். மாமா கொடுக்கு ஒன்றை எடுத்து உடைக்கப் பார்த்தார். அது வழுக்கிச் சாறில் விழுந்து அவருடைய வெள்ளைச் சட்டையில் தெறித்தது.

தாரணி எழுந்து போய்ப் பெரியம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, நான் எப்படியும் மாட்டேன்னுதான் சொல்லிருப்பேன்லா. ஆனா நான் சொல்லிருந்தா வாயாடின்னு சொல்லிருப்பீங்க. பெரியம்மாவை என்னா சொல்ல போறீங்க?"

மாமா கைகழுவப் போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. நான் இன்னும் இரண்டு பெண் நண்டு சொன்னேன்.

வீடு திரும்பும் வழியில் தாரணி வண்டியை ஓட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். மெல்பர்னில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாளாம், நேர்காணலும் முடிந்துவிட்டதாம். "இப்ப சொன்னாதான் நீங்க கத்த மாட்டீங்க" என்றாள். கத்தவில்லை. பிள்ளைகள் ஊரை மறக்கிறார்கள் என்று இங்கே கோயில் மண்டபங்களில் புலம்புகிற பெற்றோர் கூட்டத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஊரை விட்டு வந்ததே அவர்கள்தான். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மெல்பர்னில் நண்டு கிடைக்குமா என்று கேட்டேன்.

7

மாமா அன்று மாலையே விமானச் சீட்டை மாற்றச் சொன்னார். அடுத்த வாரம் போக வேண்டியவர்கள், புதன்கிழமையே கிளம்புவதாக அறிவித்தார். மரியாதை இல்லாத இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாராம். அதைச் சொல்லும்போது கையில் என் வீட்டுக் காப்பி இருந்தது. தாரணி கணினி முன் உட்கார்ந்து, "ரெண்டு சீட்டும் மாத்தவா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு போதும்" என்றார் அக்கா.

முப்பது நாள் இருக்கலாம் என்று கடவுச்சீட்டில் முத்திரை குத்தியிருக்கிறானே, அது வீணாகப் போவானேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காய் விலை சொல்வது மாதிரிச் சொன்னார். மாமா முதலில் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். பேசாமல் இருப்பது அக்காவுக்கு ஒரு தண்டனையா? அவர் பாட்டுக்குத் தாரணியோடு கொடிமலை இரயிலில் ஏறி மேலே போய்விட்டு வந்தார்.

பாஸ்கருக்குத்தான் தாங்கவில்லை. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினார். "அண்ணி, போயிடுங்க அண்ணி. அண்ணன் தனியா என்ன பண்ணுவாரு?"

"என்ன பண்ணுவாரு? பசிக்கும். சமைப்பாரு."

"அவருக்கு அடுப்புப் பத்தவைக்கக்கூடத் தெரியாதே."

"வீடியோ இருக்கும் பாரு" என்றார் அக்கா.

புதன்கிழமை காலை எல்லோரும் விமான நிலையம் போனோம். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். பெட்டியை அவரே தள்ளினார். அது ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் பெட்டி தள்ளி நாங்கள் யாரும் பார்த்ததில்லை, அவருக்கும் பழக்கமில்லை. உள்ளே போகும் வாசலில் நின்று, கழுத்தில் மாட்டியிருந்த பையைத் திறந்து, இரண்டு கடவுச்சீட்டையும் வெளியே எடுத்தார். இரண்டும் எப்போதும் அவரிடம்தான். கடைசிவரை அக்கா வந்துவிடுவார் என்று நம்பியிருப்பார் போலிருக்கிறது. வேகமில்லாத குரலில், "வா சாரதா, நேரமாச்சு" என்றார். அந்த ஒரு நிமிடம், அவரை ஏளனம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் வயதானவராகத் தெரிந்தார்.

அக்கா பக்கத்தில் போனார். அவர் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரிசெய்தார். கையிலிருந்த இரண்டில் தன்னுடையதை உருவிக்கொண்டார். உள்ளே படத்தைத் திறந்து பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டு, தோளில் தொங்கிய தன் பையில் போட்டு இழுத்து மூடினார்.

"மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க" என்றார்.

மாமா உள்ளே போனார். திரும்பிப் பார்த்தார். அக்கா கையசைத்தார். கண்ணாடிக் கதவு மூடியது. பாஸ்கர் மூக்கைச் சிந்தினார். தாரணி பெரியம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள். அக்கா அழுவாரோ என்று நானும் பையில் கைக்குட்டையைத் தேடினேன்.

"வசந்தி, எனக்குப் பசிக்குது" என்றார் அக்கா. "இங்க எங்க நல்லா இருக்கும்?"